‘இதர பொருட்கள்’ என்ற வரியை யார் நமக்குப் படித்துச் சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் மருந்தாளராக வேலை செய்த ஒரு கிளினிக்கில், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மருந்து முகப்புக்கு வந்தார். மகளும் உடன் வந்திருந்தார். கைப்பையிலிருந்து கண் சொட்டு மருந்துப் போத்தல்கள் இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டும் திறக்கப்பட்டிருந்தன, ஆனால் இரண்டிலும் மருந்து கிட்டத்தட்ட நிறைந்தே இருந்தது.

“ரெண்டும் கெட்டுப்போச்சு தம்பி. போட்ட உடனே கண்ணு எரியுது. கொஞ்ச நேரத்துல வாயெல்லாம் கசக்குது. சரி, இது கெட்ட மருந்துன்னு ரெண்டாவதைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான். வேற நல்லதா பார்த்துக் குடுங்க,” என்றார்.

“எத்தனை நாளா மருந்து போடலைம்மா?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

அது டோர்சோலமைட் என்ற மருந்து. கண் நீர் அழுத்த நோய்க்கு, அதாவது கிளௌகோமாவுக்கு, கொடுக்கப்படுவது. காலாவதித் தேதி தாண்டவில்லை. மருந்து கெடவும் இல்லை. அந்த மருந்து இயல்பாகவே சற்று எரியும். கண்ணிலிருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி வாயில் கசக்கவும் செய்யும். இரண்டும் எல்லா மருந்தாளர்களுக்கும் தெரிந்த செய்திதான். ஆனால், மருந்தைக் கையில் கொடுத்தபோது யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. கொடுத்தவன் நான்தான். “ஒரு நாளைக்கு மூன்று முறை போடுங்கள்” என்பதோடு என் பேச்சு முடிந்திருந்தது.

கிளௌகோமா வலிக்காமல் பார்வையைத் தின்னும் நோய். போன பார்வை திரும்பி வராது. மருந்து போடாத அந்த இரண்டு மாதங்களில் அவர் கண்ணுக்குள் அழுத்தம் கட்டுப்பாடின்றி இருந்திருக்கிறது. எரிந்தால் கெட்டுவிட்டது என்று அவர் நினைத்ததில் தவறு இல்லை. பால் புளித்தால் கெட்டுவிட்டது என்றுதானே நாம் எல்லாரும் முடிவு செய்கிறோம்?

அந்த எரிச்சலுக்குக் காரணம் மருந்து கரைந்திருக்கும் கரைசலின் அமிலத்தன்மை. அந்த அமிலத்தன்மையை வேண்டுமென்றே அந்த அளவில் பிடித்து வைத்திருப்பது ‘தாங்கல் கரைசல்’. மருந்துப் பெட்டியில் அதன் பெயர் ‘இதர பொருட்கள்’, ‘செயலற்ற பொருட்கள்’ என்ற தலைப்பின் கீழ் சின்ன எழுத்தில் இருக்கும். அவை செயலற்றவை அல்ல என்பதும், அவற்றைப் பற்றி நோயாளியிடம் பேசாமல் இருப்பது மருத்துவச் சேவையில் உள்ள ஒரு குறை என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

தாங்கல் கரைசல் என்றால் என்ன?

ஒரு திரவம் அமிலமா காரமா என்பதை பிஎச் என்ற அளவால் சொல்கிறோம். டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரென்சன் 1909ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய அளவு இது. 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். நமது இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கிறது. கண்ணீரும் ஏறக்குறைய 7.4தான். டோர்சோலமைட் சொட்டு மருந்தின் பிஎச் சுமார் 5.6. அதாவது, அது கண்ணீரைவிட ஏறத்தாழ 60 மடங்கு அமிலத்தன்மை கொண்டது.

ஒரு லிட்டர் தூய நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மோலார் வலிமையுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரே ஒரு மில்லிலிட்டர் விட்டால் போதும். பிஎச் 7-இலிருந்து 3-க்கு விழுந்துவிடும். நீருக்குப் பதிலாக, 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசல் ஒரு லிட்டர் இருந்தால்? அதே அமிலத்தை விட்டாலும் பிஎச் 7.20-இலிருந்து 7.18-க்கு மட்டுமே இறங்கும். சாதாரணக் கருவியில் அந்த மாற்றம் தெரிவதே கடினம்.

இதன் இரகசியம் எளிமையானது. தாங்கல் கரைசலில் ஒரு மென்மையான அமிலமும் அதன் உப்பும் சேர்ந்தே இருக்கும். கடை முகப்பில் சில்லறை மாற்றுபவரைப் போல அந்த இணை வேலை செய்கிறது. வெளியிலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் வந்தால் உப்புப் பகுதி வாங்கி வைத்துக்கொள்ளும். குறைந்தால் அமிலப் பகுதி எடுத்துக் கொடுக்கும். கல்லாவில் சில்லறை இருக்கும்வரை கணக்கு மாறாது. தீர்ந்துவிட்டால் பிஎச் சட்டென்று சாயும். எவ்வளவு சில்லறை இருக்கிறது என்பதைத்தான் ‘தாங்கு திறன்’ என்கிறார்கள். இரத்தத்தின் அமிலச் சமநிலையை ஆராய்ந்த அமெரிக்கரான ஹெண்டர்சன் 1908-இல் இதற்கான சமன்பாட்டைத் தந்தார். பின்னர் டேனிஷ் அறிஞர் ஹாசல்பால்க் அதை மடக்கை வடிவத்துக்கு மாற்றினார். ஆறாம் படிவத்தில் வேதியியல் படித்தவர்களுக்கு இந்த இரட்டைப் பெயர் நினைவிருக்கும்.

மருந்து ஒன்று கேட்கும், உடல் ஒன்று கேட்கும்

மருந்துத் தயாரிப்பில் தாங்கல் கரைசல் ஏன் தேவைப்படுகிறது? பெரும்பாலான மருந்துகள் தமக்குப் பிடித்த பிஎச் அளவில்தான் கெடாமல் இருக்கும், அல்லது கரைந்திருக்கும்.

ஆஸ்பிரினைப் பாருங்கள். ஈரம் பட்டால் அது சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடைகிறது. பழைய ஆஸ்பிரின் போத்தலைத் திறந்தால் காடி வாசம் அடிப்பது அதனால்தான். இந்த உடைப்பு மிக மெதுவாக நடப்பது பிஎச் 2.5-க்கு அருகில். பென்சிலின் ஊசி மருந்தின் விருப்பம் வேறு. அது 6.5-ஐ ஒட்டிய அளவில்தான் அதிக நாள் தாங்கும். இரு பக்கமும் நகர்ந்தால் விரைவில் சிதையும். அதனால்தான் பென்சிலின் ஊசித் தூளோடு சிட்ரேட் உப்பைச் சேர்க்கிறார்கள்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தூளாக வந்து, மருந்தகத்தில் நீர் ஊற்றிக் கலக்கித் தரப்படுவதைப் பெற்றோர் பார்த்திருப்பீர்கள். தூளாக இருக்கும்வரை அது பல மாதங்கள் நிற்கும். நீர் பட்ட மறுநொடியே சிதைவு தொடங்கிவிடும். பல தயாரிப்புகளில் சேர்க்கப்படும் சிட்ரேட் போன்ற உப்புகள் அந்தச் சிதைவை மெதுவாக்கும், நிறுத்தாது. மருந்துக்கு ஏற்ப 7 நாள் அல்லது 14 நாள் என்று போத்தலில் எழுதித் தருவது அந்தக் கணக்கை வைத்துத்தான். மிஞ்சிய பாதிப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த மாதம் காய்ச்சல் வந்தால் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். அந்த மருந்து பார்ப்பதற்கும் முகர்வதற்கும் அப்படியேதான் இருக்கும். ஆனால் அதன் வலிமை போயிருக்கும்.

மருந்தின் விருப்பம் இப்படி என்றால், உடலின் விருப்பம் எப்போதும் ஒன்றுதான்: 7.4. இரண்டும் ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. ஒத்துப்போகாதபோது தயாரிப்பாளர் ஒரு சமரசத்துக்கு வர வேண்டியிருக்கிறது. டோர்சோலமைட்டைக் கண்ணீரின் அளவான 7.4-இல் வைத்தால் தேவையான அளவு கரையாது. ஆகவே அதை 5.6-இல் பிடித்து வைக்கிறார்கள். அதற்கான விலை, சில நொடி எரிச்சல்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் கண்ணில் ஒரு நேரத்தில் இருக்கும் கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர்தான். ஒரு சொட்டு மருந்தோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். வந்து விழும் சொட்டின் தாங்கு திறன் அதிகமாக இருந்தால், கண்ணீரால் அதைச் சமாளிக்க முடியாது, எரிச்சல் நீடிக்கும். தாங்கு திறன் குறைவாக இருந்தால், கண்ணீர் சீக்கிரமே அதைத் தன் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே கண் மருந்தின் தாங்கல் கரைசல், போத்தலுக்குள் மருந்தைக் காப்பாற்றும் அளவுக்கு வலுவாகவும், கண்ணுக்குள் தோற்றுப்போகும் அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும். அந்த அம்மாவின் எரிச்சலுக்குப் பின்னால் இருந்தது மருந்தின் கேடு அல்ல, இந்தக் கணக்கு.

வலியும் ஒரு வேதியியல்தான்

பல் வைத்தியரிடம் போய் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த முதல் எரிச்சல் தெரியும். அது ஊசி முனையின் குத்தல் மட்டும் அல்ல. லிக்னோகெயின் மருந்தோடு அட்ரினலினும் சேரும்போது, அட்ரினலின் கெடாமல் இருக்க வேண்டி அந்தக் கரைசலை நல்ல அமிலமாக, 4-ஐ ஒட்டிய பிஎச் அளவில் வைக்கிறார்கள். போடுவதற்குச் சற்று முன்பு பத்துப் பங்கு லிக்னோகெயினுக்கு ஒரு பங்கு சோடியம் பைகார்பனேட் என்ற கணக்கில் மருத்துவர் கலந்துகொண்டால் வலி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்கூட்டியே கலந்து விற்க முடியாததற்குக் காரணம், நடுநிலைக்கு அருகில் அது நெடுநாள் தாங்காது என்பதே.

சீழ் பிடித்த பல்லைச் சுற்றி மரத்துப்போகாமல் இருப்பதற்கும் இதே வேதியியல்தான் ஒரு முக்கியக் காரணம். சீழ் பிடித்த இடம் அமிலமாகிவிடுகிறது. அமிலத்தில் லிக்னோகெயினின் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்றுவிடுவதால் நரம்பின் சவ்வைக் கடந்து உள்ளே போக முடிவதில்லை. “டாக்டர் சரியாக ஊசி போடவில்லை” என்று வெளியே வந்து குறை சொல்பவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு கதை, மூட்டு வாதத்துக்குப் போடும் அடாலிமுமாப் ஊசியுடையது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தை நோயாளிகள் வீட்டிலேயே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வார்கள். போடும் இடத்தில் கடுமையாக எரிகிறது என்று பலரும் சொல்லிவந்தார்கள். எரிச்சலுக்கான காரணங்களில் ஒன்று, அதிலிருந்த சிட்ரேட் தாங்கல் கரைசல். பின்னர் வந்த புதிய தயாரிப்பில் சிட்ரேட்டையும் வேறு சில உப்புகளையும் எடுத்துவிட்டு, ஊசியின் கன அளவையும் குறைத்தார்கள். அந்தப் புரதமே தன் பிஎச் அளவைத் தாங்கிக்கொள்ளும் திறன் உள்ளதாக இருந்தது. வலி வெகுவாகக் குறைந்தது. மருந்து அதே மருந்துதான். ஆண்டுக் கணக்கில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவருக்கு, ‘செயலற்ற’ ஒரு பொருளை நீக்கியது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்சுலினைக் கலக்காதீர்கள் என்பது ஏன்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் இந்தியச் சமூகத்தில்தான் நீரிழிவு அதிகம். எனவே இந்த உதாரணம் பல வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும்.

கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின், பிஎச் 4 அளவில் அமிலக் கரைசலாக வருகிறது. அங்கே அது தெளிவாகக் கரைந்திருக்கும். தோலுக்கு அடியில் போனதும் உடலின் சொந்தத் தாங்கல் அமைப்பு அதை 7.4-க்கு இழுக்கிறது. அந்த அளவில் அது கரையாமல் நுண்ணிய படிவாக அங்கேயே தங்கி, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. போத்தலில் வலுவான தாங்கல் கரைசல் இருந்திருந்தால் இந்த வித்தை நடக்காது. உடல் சுலபமாக வெல்ல வேண்டும் என்பதற்காகவே அது அப்படித் தயாரிக்கப்படுகிறது.

இப்போது, ஒரு குத்தலை மிச்சப்படுத்தலாம் என்று இதையும் வேறொரு இன்சுலினையும் ஒரே ஊசியில் உறிஞ்சினால் என்ன ஆகும்? மற்ற இன்சுலின்கள் பெரும்பாலும் நடுநிலைக் கரைசல்கள். கலந்த உடனே கிளார்ஜினின் அமிலம் மாறுகிறது. உடலுக்குள் நடக்க வேண்டியது ஊசிக்குள்ளேயே நடக்கத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு நேரத்துக்கு, எவ்வளவு வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய வகை இன்சுலின்களில் சிலவற்றைக் கலந்து போட்டுப் பழகியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். “கலக்காதீர்கள்” என்று மட்டும் சொன்னால், முன்பு கலந்தோமே என்று அவர்கள் கேட்பது நியாயம். ஏன் என்பதையும் இரண்டு வரியில் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

சொல்லாமல் விட்டதன் விலை

தாங்கல் கரைசலைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசாததன் விளைவை நாம் கோவிட் காலத்தில் நேரடியாகப் பார்த்தோம்.

பைசர் தடுப்பூசி முதலில் வந்தபோது அதில் பாஸ்பேட் தாங்கல் கரைசல் இருந்தது. கடுங்குளிரில், மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே சேமிக்க வேண்டும் என்பதும், சாதாரணக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றினால் சில நாள்தான் தாங்கும் என்பதும் பெரிய தலைவலியாக இருந்தன. முதலில் 5 நாள் என்றிருந்த அந்தக் காலம், பின்பு ஆய்வுகளின் அடிப்படையில் 31 நாள் ஆனது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 5 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கான தடுப்பூசியில் பாஸ்பேட்டை எடுத்துவிட்டு, ட்ரிஸ் என்ற தாங்கல் கரைசலைச் சேர்த்தார்கள். உள்ளே இருந்த எம்ஆர்என்ஏ மாறவில்லை. ஆனால் 2 முதல் 8 டிகிரியில் 10 வாரம் வரை வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. மொடர்னா தடுப்பூசி தொடக்கத்திலிருந்தே ட்ரிஸ்ஸைத்தான் பயன்படுத்தி வந்தது. 2022 பிப்ரவரியில் நம் நாட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது வந்த ஆரஞ்சு நிற மூடிப் போத்தல் அதுதான்.

எட்டத்தில் உள்ள ஒரு கிராமப்புறக் கிளினிக்குக்கு இது எவ்வளவு பெரிய வசதி! ஆனால் மக்களிடம் போய்ச் சேர்ந்த செய்தி வேறு. “மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்தைக் குழந்தைகளின் தடுப்பூசியில் இரகசியமாகச் சேர்த்துவிட்டார்கள்” என்று சமூக ஊடகங்களில் பரவியது. எனக்கே புலனத்தில் அது மூன்று முறை வந்தது. அனுப்பியவர்களில் ஒருவர் ஆசிரியர்.

அந்த வதந்தியின் ஓரத்தில் ஒரு துளி உண்மை இருந்ததால்தான் அது ஒட்டிக்கொண்டது. ட்ரிஸ் கரைசலை இருதய அறுவை சிகிச்சையின்போதும், இதயம் நின்றுபோன சில நோயாளிகளுக்கும் கொடுப்பது உண்டு. இரத்தத்தில் மிஞ்சிவிட்ட அமிலத்தை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் கொடுக்கிறார்கள். அங்கேயும் அதன் வேலை தாங்குவதுதான். ஆனால் அங்கே கொடுப்பது கிராம் கணக்கில். தடுப்பூசியில் இருந்ததோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இதைத் தடுப்பூசி மையத்திலேயே ஓர் அறிவிப்புப் பலகையில் நான்கு மொழியில் எழுதி வைத்திருந்தால், வதந்தி பரவிய பிறகு ஓடி ஓடி மறுப்பு எழுத வேண்டிய தேவை குறைந்திருக்கும். மக்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் இருந்திருக்க வேண்டும். இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது.

உண்மையான எச்சரிக்கைகளும் உண்டு

‘செயலற்ற’ என்ற சொல்லை நான் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சிலருக்கு, சில சூழலில், இந்தத் துணைப்பொருட்களே தொல்லையாகின்றன.

கருவிழி கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலர், பாஸ்பேட் சேர்ந்த சொட்டு மருந்தைப் போட்டபோது, அது கால்சியத்துடன் சேர்ந்து கருவிழியில் வெண்படிவாகியிருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2012-இல் இதை ஆராய்ந்து, இது மிக மிக அரிது, மருந்தின் பயனே மேலோங்கியது, ஆனால் தகவல் தாளில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று முடிவு சொன்னது. மருந்தைத் தடைசெய்யவும் இல்லை, செய்தியை மறைக்கவும் இல்லை. நான் கேட்பதும் அந்த நிதானத்தைத்தான்.

இன்னும் சாதாரணமான உதாரணம், நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள். அவற்றில் சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் இருக்கும். கரைந்தபின் நாம் குடிப்பது சோடியம் சிட்ரேட் சேர்ந்த நீர். சில நுரைக்கும் பாரசிட்டமால் மாத்திரைகளில் ஒன்றுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. நாளுக்கு எட்டு மாத்திரை என்ற உச்ச அளவைப் போட்டால் 3 கிராமைத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையே 2 கிராமுக்குக் கீழ்தான். இரத்தக் கொதிப்புக்காகச் சாம்பாரில் உப்பைக் குறைத்துக்கொண்ட தாத்தா, மூட்டு வலிக்காக இந்த மாத்திரையைத் தினமும் குடித்தால் குறைத்த உப்பு வேறு வழியில் உள்ளே வருகிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஏனென்றால் அதில் உப்புக் கரிக்காது.

நோயாளியைக் குழப்பிவிடுமா?

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னோடு பணியாற்றிய நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள். “ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேதியியல் பாடம் நடத்த முடியுமா? எரியும் என்று சொன்னாலே சிலருக்கு இன்னும் அதிகமாக எரியும்; பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள்.”

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. தீய விளைவை எதிர்பார்ப்பதே அந்த விளைவைக் கூட்டும் என்பது மருத்துவம் அறிந்த ஒன்று. ஆனால் சொல்லும் விதத்தில்தான் வேறுபாடு. “இது எரியும், ஜாக்கிரதை” என்பது ஒரு விதம். “போட்டதும் சில நொடி எரியலாம், மருந்து கெடாமல் இருப்பதற்காக அப்படித் தயாரித்திருக்கிறார்கள், விட்டுவிடாமல் போடுங்கள்” என்பது இன்னொரு விதம். இரண்டாவது விதத்தில் சொல்ல பத்து நொடி போதும். சொல்லாமல் விட்டவர் பயப்படாமல் இருக்கிறார் என்பதும் உண்மை அல்ல. அந்த அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் மருந்தை விட்டுவிட்டார்.

முதல் வாதத்துக்கு என் பதில்: ஹெண்டர்சன் சமன்பாட்டை யாரும் முகப்பில் நின்று விளக்க வேண்டாம். நான் கேட்பது மூன்றே விஷயங்கள். இந்த மருந்தைப் பயன்படுத்தும்போது இயல்பாக என்ன தோன்றும். திறந்தபின் எத்தனை நாள் தாங்கும். எதோடு கலக்கக் கூடாது. மூன்றுக்கும் பின்னணியில் பெரும்பாலும் இந்தத் துணைப்பொருட்களே இருக்கின்றன. எல்லா மருந்துக்கும் அல்ல. எரியும் கண் மருந்து, கலக்கக் கூடாத இன்சுலின், கலக்கித் தரும் குழந்தை மருந்து, சோடியம் மிகுந்த நுரைமாத்திரை என்று சிலவற்றுக்கு மட்டும் தொடங்கினாலே போதும்.

நம் நாட்டில் மருந்துத் தகவல் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. இரண்டையும் சரளமாகப் படிக்க முடியாத முதியவர்கள் தோட்டப்புறத்திலிருந்து வந்த தலைமுறையில் இன்னும் பலர் உண்டு. சுகாதார அமைச்சு ‘உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்’ என்ற இயக்கத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. அந்த நல்ல முயற்சியில், மேலே சொன்ன சில மருந்துகளுக்கு மட்டுமாவது தமிழில் ஒரு கையளவு அட்டை அச்சிட்டால் பெரிய செலவாகாது. மருந்தியல் படிக்கும் நம் தமிழ் மாணவர்கள் இதை எழுதிக் கொடுக்க முன்வரலாம். கோயில் திருவிழாக்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தம் பார்ப்பதோடு, வீட்டில் இருக்கும் மருந்துகளைக் கொண்டுவரச் சொல்லி விளக்கலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்து எரிந்தாலோ கசந்தாலோ கசங்கிய முகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். போத்தலோடு மருந்தாளரிடம் போய்க் கேளுங்கள். எரிகிறதே என்று நீரோ வேறு எதுவோ கலக்காதீர்கள். கண் மருந்தில் வெளிநீர் பட்டால் கிருமி புகும். இரண்டு சொட்டு மருந்துகள் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், கருவிழிப் பாதிப்பு உள்ளவர்கள் அதை மருந்து வாங்கும் இடத்திலும் சொல்லுங்கள். மருத்துவரிடம் சொன்னது முகப்பு வரை எப்போதும் வந்து சேர்வதில்லை.

அந்த அம்மாவிடம் அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். மருந்து கெடவில்லை, கரைந்திருப்பதற்காகச் சற்று அமிலமாக வைத்திருக்கிறார்கள், கண்ணீர் அதைச் சீக்கிரமே சரிசெய்துவிடும் என்று சொன்னேன். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் கசப்பு குறையும் என்றும் காட்டினேன். புதிய போத்தல்களை எடுத்துக்கொண்டு மகளிடம் திரும்பி, “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா போட்டிருப்பேன்ல?” என்றார்.

மறுபடி மருந்து வாங்க அவர் வந்தபோது பழைய போத்தல்கள் காலியாக இருந்தன. ஆனால் விட்டுப்போன இரண்டு மாதங்களில் அவர் எவ்வளவு பார்வையை இழந்தார் என்பதை நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.